நீங்க சொன்னாச் சரி

டவுன்ஹால் ரோட்டில் பெல்ட் விற்பவனுக்கு மேலே
இரண்டாவது மாடி.
ஜெனரேட்டருக்கும் கழிவறைக்கும் நடுவில் என் மேசை.
ஒன்பது பதினைந்துக்குச் சந்தை திறக்கும்.
ஒன்பது பத்துக்கே ஒச்சம்மா கூப்பிட்டுவிடுவாள்,
உசிலம்பட்டி ஆஸ்பத்திரியில் இரவுப்பணி முடிந்து
பஸ் ஏறுவதற்குள்:
"மேடம், இருக்கட்டுமா, குடுத்துரலாமா?"

இருக்கட்டும். குடுத்துரலாம்.
இந்த இரண்டு சொல்லை வைத்துத்தான் பிழைக்கிறேன்.
கீழே பெல்ட்காரன்
ஆளை நிற்கவைத்து, சுற்றிப் பார்த்து,
அப்புறம்தான் ஓட்டை போடுகிறான்.
நான் பார்த்தேயிராத இடுப்புகளை
போனிலேயே இறுக்குகிறேன்.

விதிப்படி ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும்:
"முடிவு உங்களுடையது."
சொல்கிறேன்.
அந்த ஒரு நொடி மறுமுனையில்
யாரோ குக்கரை இறக்குவார்கள்,
யாரோ பிள்ளையை அதட்டுவார்கள்.
பிறகு எல்லாருக்கும் ஒரே பதில்:
"நீங்க சொன்னாச் சரி."

சோலையழகு, மேலூர் டெப்போ, ரிட்டயர்டு கண்டக்டர்.
போன ஆடியில் அவர் பங்கு இறங்கியது.
நானூற்றுப் பன்னிரண்டு.
பயப்படாதீங்க என்றேன்.
முந்நூற்றெழுபது.
பயப்படாதீங்க என்றேன்.
முந்நூற்றுப் பத்தில் நான் வாயைத் திறக்குமுன்
அவரே சொன்னார்:
"நீங்க பயப்படாதீங்கம்மா."

ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
என்ன காசு என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஒருவேளை வேறு மாதிரி சொல்லியிருப்பேன்,
அதனால்தான் கேட்பதில்லை.

மறுவாரம் படியேறி வந்தார்.
திட்டுவார் என்று ஃபேனைக் கூட்டி வைத்தேன்.
கணக்கில் முப்பத்தெட்டு ரூபாய் பாக்கி காட்டுதாம்.
சட்டைப்பையிலிருந்து எண்ணி,
பத்து பத்தாக அடுக்கி, மீதி எட்டைத் தனியே வைத்தார்.
ரொக்கம் வாங்கக் கூடாது, அதுவும் விதி.
சொன்னேன்.
"பாக்கி வச்சுட்டு இறங்கிப் பழக்கமில்லை" என்று
இறங்கிப் போனார்.

தலைமை அலுவலகம் அந்த அழைப்புகளைக் கேட்டது.
நானும் உட்கார்ந்து கேட்டேன்.
அந்தப் பெண்ணின் குரலில்
ஒரு பிசிறு இல்லை, ஒரு இருமல் இல்லை.
அவளிடம் நானே பணத்தைக் கொடுத்திருப்பேன்.

நஷ்டமாவது தனியாக வரும்.
லாபம் ஆள் கூட்டிக்கொண்டு வரும்.
யானைக்கல் வாழைமண்டி பக்ருதீனுக்கு
ஒரே ஒரு தடவை நான் சொன்னது பலித்தது.
ஏன் பலித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.
மைசூர்பாகு டப்பாவோடு வந்தார்,
பின்னால் மச்சினன்.
மச்சினன் அக்குளில் மஞ்சள் பை,
ஒத்தக்கடையில் அஞ்சு சென்ட் கிரயமான பத்திரம் அதில்.
"இந்தப் பணத்துக்கும் வழி சொல்லுங்க மேடம்."

தபாலாபீசில் போடுங்கள் என்றேன்.
இருவரும் சிரித்தார்கள்.
நல்ல பங்கையெல்லாம் பெரிய ஆட்களுக்கு
ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்று
மச்சினன் படியில் சொல்லிக்கொண்டு போனது
மேனேஜர் ஜெகதீசன் காதிலும் விழுந்தது.
அந்த மைசூர்பாகை அலுவலகமே தின்றது.
எனக்கு ஒரு துண்டு மிச்சம் வைத்தார்கள்.

மூன்றரைக்குச் சந்தை மூடும்.
எண்கள் நின்றுவிடும், சிவப்பு சிவப்பாகவே.
ராத்திரி காய்க்காரி எது வேணும் என்றால்
எதையோ காட்டிவிட்டு வருகிறேன்.

இன்று ஒன்பது பத்து.
"மேடம், இருக்கட்டுமா, குடுத்துரலாமா?"
மேசை இழுப்பறையில் முப்பத்தெட்டு ரூபாய் கிடக்கிறது.
"நீங்க என்ன நினைக்கிறீங்க, ஒச்சம்மா?"

பஸ் ஸ்டாண்டு சத்தம்.
ஏதோ ஒரு வண்டி கிளம்புகிறது.
என் பக்கம் ஜெனரேட்டர்,
கீழே பெல்ட்காரனின் சுத்தியல், ஒரு அடி.

"மேடம்?
மேடம், லைன்ல இருக்கீங்களா?"